கொத்தமல்லி ரசீது

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஒரு மளிகைக் கடை. பில் போடும் கணினியில் ஓடுவது லினக்ஸ். ஒருநாள் மூன்றங்குலத் தாளில் வந்த ரசீதில் ‘கொத்தமல்லி’ கெட்டுப்போயிருந்தது. முதலில் ‘க’, அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் கால். “தம்பி, பில்லைப் பாத்துட்டு ஜனங்க என்னைக் கேக்குறாங்க” என்று அண்ணாச்சி போன் செய்தார். பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் வண்டியில் அலைந்து, கட்டற்ற மென்பொருளை வைத்துப் பிழைப்பவருக்கு இப்படித்தான் அழைப்புகள் வரும்.

பில் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. நிரல்தான் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதை அடுத்து ஒகரக் குறியும். அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னால் வைத்து, காலைப் பின்னால் நிறுத்துவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. கடையில் படம் வரைந்தது பைத்தானின் பில்லோ நிரலகம். எழுத்துக் கோக்கும் ‘ராக்ம்’ அதோடு சேர்க்கப்படவில்லை. அவர் சேர்த்தார். இரண்டாவது தாளில் கொத்தமல்லி நேராக வந்தது. அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள்? ராக்ம், ஓமானில் அரபு எழுத்துக்காகப் பிறந்தது. அது நம்பியிருப்பது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற நிரலகத்தை. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டிலும் பிறகு கூகுளிலும் சம்பளத்துக்கு இருந்தபடி வளர்த்தது அது. ஃபயர்பாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரே ஆபீஸிலும் தமிழைக் கோப்பதும் அதுதான். ரசீதில் இருந்த எழுத்துரு லோஹித் தமிழ். மாடுலர் இன்ஃபோடெக் உருவாக்கிய லோஹித் எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது ரெட் ஹாட். சமூகம் ஒரு பக்கம், வியாபாரம் எதிர்ப்பக்கம் என்று மேடையில் பேசுவார்கள். இந்தத் துண்டுச் சீட்டில் அப்படிக் கோடு கிழிக்க இடமே இல்லை.

“சாப்ட்வேர் சும்மான்னு சொன்னீங்களே, இது எதுக்கு?” கூலியைச் சொன்னதும் அண்ணாச்சி கேட்டது. இந்தத் தொழிலில் தினமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கட்டற்றது என்றால் இலவசம் என்று பொருளில்லை; தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் நிரல் பதிந்த நாடாவை 150 டாலருக்கு விற்றுத்தான் வாழ்ந்தார். அண்ணாச்சி கொடுப்பது நிரலுக்கான விலை அல்ல. அழைத்தால் ஆள் வருவதற்கான கூலி.

சமூகத்துக்கும் வியாபாரத்துக்கும் உள்ள உறவு எல்லா நேரமும் இப்படிச் சுமுகமாக இருப்பதில்லை. 2019இல் ஐபிஎம், ரெட் ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 2029 வரை வரும் என்று நம்பிப் பலரும் நிறுவியிருந்த, ரெட் ஹாட்டின் இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8க்கு, 2021 முடிவோடு ஆதரவு நிற்கும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தேதியை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தவர்கள், ராத்திரி உட்கார்ந்து சர்வர்களை மாற்றினார்கள். காப்பாற்றியது உரிமம்தான். மூல நிரல் கையில் இருந்ததால் அடுத்த வருடமே அதற்கு மாற்றாக ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. அவற்றில் ஆல்மாவைத் தொடங்கியதும் ஒரு வணிக நிறுவனமே.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு பழைய வேர் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தில், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் இயங்கத் தொடங்கியது. டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய பாஸ் லினக்ஸ், அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளைக் கைவண்ணத்தில் 2007இல் வந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் ஐ.டி. கம்பெனிகளில் இன்று லினக்ஸ் தொடாத பொறியாளர் அரிது. எடுத்துக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. ஆனால் கண்டுபிடித்த பிழைக்கு நாலு வரித் திருத்தம் எழுதி அனுப்ப வேண்டுமானால், பல இடங்களில் மேலாளர், சட்டப் பிரிவு என்று அனுமதிக்கு நடக்க வேண்டும். நடந்து சலித்தவர் திருத்தத்தைத் தன் கணினியிலேயே வைத்துக்கொள்கிறார். அடுத்த பதிப்பு வந்ததும் அதே பிழையைத் திரும்பத் திருத்துகிறார். பணம் கொடுக்க வழிகள் பிறக்கின்றன. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, 2024இல் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்று கட்டற்ற மென்பொருளுக்கான ஃப்ளாஸ் ஃபண்டைத் தொடங்கியது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஊழியரின் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கத்தான் நிறுவனங்களுக்கு மனம் வரவில்லை. சமூகத்துக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுவே.

மளிகைக் கடையின் பில் நிரலும் கட்டற்றது. அதன் நிறுவல் குறிப்பில் ராக்ம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரசீதைச் சரிசெய்தவர் அன்று மாலை கடையிலேயே உட்கார்ந்து, என்ன சேர்க்க வேண்டும் என்று மூன்று வரி எழுதினார். கெட்ட ரசீதையும் நல்ல ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். கடைப் பெயரை மறைத்துவிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டார். எதற்கு இந்தப் படம், யார் பார்ப்பார்கள் என்று அண்ணாச்சி விசாரித்துக்கொண்டார். மலேசியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இதே நிரலைப் போடுகிற இன்னொரு கடைக்கு உதவும் என்றதும், தராசை ஒதுக்கிவிட்டுக் கிட்டே வந்து திரையைப் பார்த்தார்.

“மறைக்காதீங்க தம்பி. நம்ம கடைப் பேரும் இருக்கட்டும்.”