கப்பித்தான் பள்ளிவாசலும் கஞ்சிப் பானையும்

தோட்டத்திலிருந்து பினாங்குக்குப் போகிறவர்கள் என்னென்ன பார்த்து வருவார்கள்? தைப்பூசம் என்றால் தண்ணீர்மலை. பிள்ளைகள் அடம் பிடித்தால் கொடிமலை ரயில், ஆயர் ஈத்தாம் சீனக் கோயில். கையில் நாலு காசு மிச்சமிருந்தால் மார்க்கெட் தெருவில் ஒரு சேலை. அத்தோடு படகேறிவிடுவார்கள். அந்தச் சேலைக் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய பிட் தெருவில் இருக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலர். அது எப்படி வந்தது என்று கேட்டவர்கள் சிலரே.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்ற வணிகர் இங்குள்ள தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்தார். 'கப்பித்தான்' என்றால் தலைவர். 'கிளிங்' என்பது அன்று தென்னிந்தியர்களைக் குறித்த பெயர். இன்று அந்தச் சொல் நம் காதுக்குக் கசக்கிறது. ஆனாலும் பள்ளிவாசலின் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில் பள்ளிவாசல் எழும்பியது. இன்று நாம் காணும் குவிமாடமும் கோபுரமும் பிற்காலத்தில் வந்தவை. அவருடைய அடக்கத்தலம் அருகிலேயே கம்போங் கோலத்தில் இருக்கிறது.

இப்படிப் பொதுநன்மைக்காக நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட சொத்துக்கு 'வக்பு' என்று பெயர். விற்கக்கூடாது, யாரும் வாரிசுரிமை கொண்டாடக்கூடாது. அதிலிருந்து வரும் பலன் தர்மத்துக்கே போக வேண்டும். கொடுத்தவர் கண்மூடிய பிறகு சொத்துகளைக் கவனிப்பதில் குளறுபடிகள் வந்தன. அதனால் 1905-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, பள்ளிவாசல் சொத்தையும் கோயில் சொத்தையும் பார்க்க ஒரே வாரியம் அமைத்தது. மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் பள்ளியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பதைப் பார்த்தால் அது வேடிக்கையாகத் தோன்றாது.

நான் சென்றது நோன்பு மாதம். அசர் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வளாகத்தில் பெரிய பெரிய பானைகளில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், இறைச்சி. வாசனை தெருமுனை வரை வந்து ஆளை இழுத்தது! தூக்குச்சட்டியும் மங்குமாக மக்கள் வரிசையில் நின்றார்கள். தொப்பி போட்டவரும் நின்றார், போடாதவரும் நின்றார். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர், பிளாஸ்டிக் டப்பாவோடு. அகப்பையால் அள்ளி ஊற்றியவர் எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அருகில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னோடு பேச்சுக்கொடுத்தார். அக்கம்பக்கத்தார் அவரை 'நானா' என்றே அழைக்கிறார்கள்.

"இந்தக் கஞ்சிக்கு அரிசி கொடுப்பது யார், நானா?" என்று கேட்டேன்.

"பலபேர் கொடுக்கிறார்கள், தம்பி. யார் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர்களுக்குப் பிடிக்காது."

நமது கல்யாண வீட்டு மொய் ஞாபகத்துக்கு வந்தது. இன்னார் இத்தனை வெள்ளி என்று ஒலிபெருக்கியில் முழங்கினால்தான் நமக்குத் திருப்தி! இஸ்லாத்தில் வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான். மறைவாக ஏழைக்குக் கொடுப்பது அதைவிட மேல் என்று குர்ஆன் சொல்கிறதாம். கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டினாலோ, வாங்கியவர் மனத்தைப் புண்படுத்தினாலோ கொடுத்ததே வீணாகிவிடும்.

சகாத் வேறு, சதக்கா வேறு என்பதையும் நானா விளக்கினார். சகாத் கடமை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிப்பு ஓர் ஆண்டு கையில் நின்றால், 100 வெள்ளிக்கு 2 வெள்ளி 50 காசு. அதைப் பெற்ற தாய் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. அவர்களைக் காப்பாற்றுவது எப்படியும் நம் பொறுப்புத்தானே! சதக்கா அப்படியல்ல. மனம் விரும்பிக் கொடுப்பது. அதற்குக் கணக்கும் இல்லை, நேரமும் இல்லை. பாதிப் பேரீச்சம்பழமும் சதக்காதான். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும், முகம் மலர்ந்து சிரிப்பதும்கூட. இஸ்லாத்தைச் சேராதவருக்கும் கொடுக்கலாம். என் முன்னால் நின்ற சீனக் கிழவரின் டப்பா நிறைந்ததும் அந்த வழியில்தான்.

"முதலில் யாருக்கு?" என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு தோட்டத்தின் கதையைச் சொன்னார். தோட்டம் என்றதும் எனக்குக் காது கூர்மையாகிவிட்டது.

மதீனா நகரில் அபூதல்ஹா என்பவருக்குப் பேரீச்சந்தோட்டம் ஒன்று இருந்தது. பைருஹா என்று பெயர். நபிகளின் பள்ளிவாசலுக்கு எதிரேயே இருந்த அந்தத் தோட்டத்துத் தண்ணீர் அத்தனை இனிப்பாம். நபிகளே போய்க் குடிப்பார்களாம். விருப்பமானதைக் கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்ற இறைவசனம் வந்தபோது, அபூதல்ஹா நேரே நபிகளிடம் போய், தமக்கு மிகவும் பிரியமான அந்தத் தோட்டத்தையே தர்மமாகக் கொடுத்துவிட்டார். நபிகள் மெச்சினார்கள். ஆனால், அதை உன் உறவினர்களுக்கே பங்கிட்டுக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். அவரும் அப்படியே சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த இடம் இன்று விரிவாக்கப்பட்ட மதீனாப் பள்ளிவாசலுக்குள் அடங்கிவிட்டது.

பெண்களுக்கும் ஒரு கதை உண்டு. சைனப் என்ற அம்மையார் கைத்தொழில் செய்து சம்பாதித்தவர். கணவரோ கையில் காசில்லாதவர். தன் கணவனுக்கும் தன் பொறுப்பில் வளரும் அநாதைப் பிள்ளைகளுக்கும் செலவழிப்பது தர்மமாகுமா என்று ஆள் மூலம் கேட்டனுப்பினார். ஆகும், அதற்கு இரண்டு பங்கு கூலி என்று பதில் வந்தது. உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால்வெட்டிய சம்பளத்தில் வீட்டையே தாங்கிய நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

ஊருக்குக் கொடுப்பது சுலபம், தம்பி, என்றார் நானா. கை நீட்டுகிறவன் எதிரே நிற்கிறான், போடுகிறோம். கூடப்பிறந்தவள் கை நீட்டமாட்டாள். அடுப்பு எரியாவிட்டாலும் சாப்பிட்டாயிற்று என்பாள். பார்க்கிறவன் அவளை வசதியானவள் என்று நினைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவர்களை அடையாளம் கண்டு கொடுக்கும்படி குர்ஆனே சொல்கிறது.

அவருடைய தங்கை விதவை. பெருநிலத்தில் ஒரு சிற்றூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாராம். மாதாமாதம் நானா பணம் அனுப்புகிறார். 'சதக்கா' என்று சொன்னால் அந்த அம்மாள் தொடமாட்டார்.

"அப்படியானால் என்னவென்று சொல்லி அனுப்புகிறீர்கள்?"

"பேரனுக்குப் புத்தகக் காசு, பேத்திக்குச் சட்டைக் காசு என்பேன். தர்மம் என்று வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டமில்லை. கொடுக்கிறவன் மனத்தில் இருந்தால் போதும்."

பேச்சின் நடுவே மேசைக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினார். மாங்காய் ஊறுகாய். தங்கை பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியதாம்.

"போன மாதக் காசுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டாளாம்!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மூடியைத் திறந்து, ஒரு தாளில் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்து மடிக்கத் தொடங்கினார்.