கரிசல் மண்ணுக்கு வந்த கடலோடி

 

பயணங்கள் பலவகை. கல்வி தேடிச் செல்வோர் உண்டு. வணிகத்தின் பொருட்டுச் செல்வோர் உண்டு. ஹஜ், உம்ரா ஆகிய வணக்கங்களுக்காகப் புறப்படுவோரும் உண்டு. ஆனால், பயணத்தையே வாழ்க்கையாகக் கொண்டுவிட்ட ஒருவர் அதிலிருந்து சில நாள்கள் விடுபட்டு, உற்றார் உறவினரைக் காணப் புறப்படுவதை எந்த வகையில் சேர்ப்பது? ஊரில் இருப்பவர் வெளியே செல்வது பயணம் என்றால், வெளியிலேயே இருப்பவர் ஊருக்கு வருவதும் பயணம்தானே!

திருக்குர்ஆனின் குறைஷ் அத்தியாயம், மக்காவாசிகள் மாரியிலும் கோடையிலும் மேற்கொண்டு வந்த வணிகப் பயணங்களை நினைவூட்டுகிறது. அவர்களின் பசியைப் போக்கி, அச்சம் தீர்த்த இறைவனையே அவர்கள் வணங்க வேண்டும் என்று பணிக்கிறது. பசி, அச்சம் என்னும் இவ்விரண்டையும் நான் ஒருசேரக் கண்டது, கடலோடி ஒருவருடன் தாயில்பட்டிக்குச் சென்றபோதுதான். அந்தப் பயணத்தைப் பற்றியே உங்களுடன் சில சொற்கள் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தோணியே குடியிருப்பு

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திற்கு நீங்கள் சென்றிருந்தால், அங்கே நிற்கும் மரக்கலங்களைக் கண்டிருப்பீர்கள். 'தோணி' என்றுதான் அவ்வூரார் சொல்வார்கள். ஆற்றைக் கடக்கும் சிறு தோணி என்று எண்ணிவிட வேண்டாம். 200 முதல் 400 டன் வரை சரக்கு ஏற்றும் கடற்கலங்கள் அவை. முற்காலத்தில் பாய் ஒன்றையே நம்பி ஓடியவை, பிற்காலத்தில் எஞ்சின் பொருத்திக்கொண்டன. ஆயினும் காற்றுச் சாதகமாக இருந்தால் பாயும் விரிப்பதுண்டு. கொழும்புக்கும், மாலத்தீவுக்கும், இலட்சத்தீவுக்கும் காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருள்கள் முதலியவற்றை இவை சுமந்து செல்கின்றன.

தோணியின் தலைவருக்குத் 'தண்டல்' என்று பெயர். சமையல் செய்பவர் 'பண்டாரி'. ஏறத்தாழப் பத்துப் பேர், மாதக்கணக்கில் அந்தப் பலகைகளின் மீதே உண்டு, உறங்கி, தொழுது வாழ்கிறார்கள். கடலில் ஓடும் நாள்களைவிட, துறைமுகத்தில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் முறை பார்த்துக் காத்திருக்கும் நாள்களே அதிகம். அந்நிய ஊர்க் கரை கண்ணெதிரே இருக்கும். சொந்த வீடோ கடலுக்கு அப்பால் இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் இவர்களுக்கு ஓய்வுக்காலம். அப்போது தோணியைப் பழுது பார்ப்பார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்து நீர் புகாமல் செய்யும் 'கலப்பத்து' வேலை நடைபெறும். திருமணங்களும், நிச்சயதார்த்தங்களும், துக்கம் விசாரித்தலும், கடன் அடைத்தலும் ஆகிய எல்லாம் அந்த மூன்று மாதங்களுக்குள் முடிந்தாக வேண்டும்!

என் நண்பரும் அப்படிப்பட்ட ஒரு கடலோடி. வயதில் மூத்தவர். அவரைக் 'காக்கா' என்றுதான் அழைப்பேன். அவருடைய இளைய சகோதரி வாழ்க்கைப்பட்ட ஊர் தாயில்பட்டி. ஜூன் மாத இறுதியில், "ஹஜ்ரத், தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இருவரும் பேருந்து ஏறினோம்.

உப்பளத்திலிருந்து கரிசலுக்கு

ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வழி. தூத்துக்குடியை விட்டு நீங்கியதும் வெண்ணிற உப்பளங்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன. அவை மறைந்ததும் மண்ணின் நிறம் சிறிது சிறிதாகக் கறுக்கத் தொடங்குகிறது. எட்டயபுரம் வந்தால் முழுக் கரிசல். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கும் ஊர் அது. கரிசல் காட்டு அரண்மனையின் புலவரை, கடற்கரைக் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி ஆதரித்தார். வள்ளலின் மறைவுக்குப் பின், பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்றார். கடலும் கரிசலும் கைகோத்ததால் நம் சமுதாயம் பெற்ற செல்வம் அந்தக் காப்பியம்.

கோவில்பட்டியையும் சாத்தூரையும் கடந்து, தாயில்பட்டிப் பேருந்தில் அமர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. காக்காவின் கையில் ஒரு பை. அதில் மாலத்தீவிலிருந்து கொணர்ந்த மாசி. "பிள்ளைகளுக்கு மிட்டாய் எங்கும் கிடைக்கும். இது நான் கொண்டுபோனால்தான் உண்டு" என்றார்.

தாயில்பட்டியும் அதன் சுற்றுவட்டாரமும்

சிவகாசிக்குத் தெற்கே, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அமைந்த ஊர் தாயில்பட்டி. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேளாண்மையும் பொய்க்கும் நிலம். அந்த வறட்சியே ஒரு வகையில் இவ்வட்டாரத்தைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உரியதாக்கிற்று. மருந்து உலர வெயில் வேண்டும். காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். உழவனை வாட்டும் அதே வெயில்தான் பட்டாசுத் தொழிலாளிக்குச் சோறு போடுகிறது.

சாலையின் இருமருங்கிலும், ஊரைவிட்டு ஒதுங்கி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் சிறு சிறு அறைகளைக் காணலாம். ஓர் அறையில் தீப்பற்றினால் மற்றோர் அறைக்குப் பரவாதிருக்கவே அந்த இடைவெளி. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யலாகாது என்பது விதி. மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதி வைக்கக் கூடாது. இவ்விதிகள் மீறப்படும்போது என்ன நேரும் என்பதை இம்மாவட்டம் பலமுறை கண்டுவிட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நிகழ்ந்த பெரும் விபத்துகளை இங்குள்ளோர் இன்றும் நாள் சொல்லி நினைவுகூர்கிறார்கள்.

கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். இவ்வட்டாரத்தின் வழியே ஓடும் வைப்பாறு, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. அதன் கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022ஆம் ஆண்டு முதல் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்தனர். கண்ணாடி மணிகளோடு சங்கு வளையல்களும் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கரிசலில் விளையுமா? கடலிலிருந்து எடுத்து யாரோ கொணர்ந்திருக்க வேண்டும். மாசிப் பையோடு வந்த என் நண்பருக்கு அந்தச் சங்கு வணிகர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னோடிகள்!

இரண்டு நாள்காட்டிகள்

நண்பரின் மைத்துனர் பட்டாசு ஆலையொன்றில் வேலை பார்ப்பவர். தீபாவளியை முன்னிட்டு ஆலைகள் இடைவிடாது இயங்கும் மாதங்கள் ஜூனும் ஜூலையும் ஆகஸ்டும். தீபாவளி முடிந்த பிறகு சில வாரங்கள் ஆலைகள் மூடிக் கிடக்கும். அப்போது வீட்டில் அனைவரும் ஓய்வாக இருப்பர். ஆனால் அப்போது காக்கா நடுக்கடலில் இருப்பார்! அவர் கரையில் இருக்கும்போது இவர்களுக்கு வேலை. இவர்கள் வீட்டில் இருக்கும்போது அவருக்குக் கடல். இருபது ஆண்டுகளாக இரு குடும்பங்களின் ஓய்வும் ஒருமுறைகூடப் பொருந்தி வந்ததில்லை என்று அந்தச் சகோதரி சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆண்கள் வேலைக்குச் சென்றுவிட்டனர். ளுஹர் நேரம் வந்தது. காக்கா வீட்டின் முன்னறையில் தொழ நின்றார். சகோதரியார் அடுக்களை வாசலில் நின்று கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். இரண்டு ரக்அத்துகளில் ஸலாம் கொடுக்காமல், மூன்றாவதுக்கு எழுந்து நின்றார் காக்கா. உடனே அந்த அம்மையாரின் முகத்தில் மலர்ச்சி! எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார்: "காக்கா இரண்டு ரக்அத் தொழுதால் இரண்டொரு நாளில் கிளம்பிவிடுவார். நான்கு தொழுதால் நான்கு நாளாவது இருப்பார். வாயால் கேட்டால் பிடிகொடுக்க மாட்டார். தொழுகையில்தான் எனக்குத் தெரியும்."

ஷாஃபி மத்ஹபின்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்துவிட்டால் பயணி என்னும் சலுகை நீங்கிவிடுகிறது. தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும். மத்ரஸாவில் எத்தனையோ முறை நான் கற்பித்த சட்டம்தான். ஆயினும், ஒரு சகோதரி தன் உடன்பிறந்தாரின் அன்பை ரக்அத்தை எண்ணி அறிந்துகொள்வதை அன்றுதான் கண்டேன்.

கப்பலோட்டியின் தொழுகையைப் பற்றியும் நம் சட்ட மேதைகள் ஆராய்ந்துள்ளனர். மனைவி மக்களோடு கப்பலிலேயே நிரந்தரமாக வாழ்பவர் தொழுகையைச் சுருக்கலாகாது என்பது ஹன்பலி மத்ஹபின் முடிவு. சுருக்க அனுமதி இருப்பினும் முழுமையாகத் தொழுவதே அவருக்குச் சிறந்தது என்பர் ஷாஃபி அறிஞர்கள். எண்ணிப் பாருங்கள்! பலகையும் பாய்மரமும் ஒரு கலத்தை வீடாக்கிவிடுவதில்லை. குடும்பம் உடனிருந்தால் அலைமீதும் அது வீடு. இல்லாவிட்டால், ஆண்டு முழுவதும் அதிலேயே உறங்கினாலும் அவர் பயணியே.

அந்த ஓசை

ஞாயிறன்று மைத்துனருக்கு விடுமுறை. மாசிச் சம்பலும் சோறுமாக வீடு களைகட்டியிருந்தது. திங்களன்று நண்பகல், தொலைவில் 'தொம்' என்று ஓர் ஓசை. கணப்பொழுதில் தெருவிலுள்ள பெண்கள் அனைவரும் வாசலுக்கு வந்துவிட்டனர். யாரும் பேசவில்லை. எல்லோர் கண்களும் புகை எழுகிறதா என்று வானத்தின் நாற்புறமும் தேடின. ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. ஆகவே உடனே அழைத்துக் கேட்கவும் வழியில்லை. காக்காவின் முகம் வெளுத்துவிட்டது. புயலையும் பேரலையையும் கண்ட மனிதர் அவர்!

சிறிது நேரத்தில் செய்தி வந்தது. ஏதோ ஓர் ஆலையில் வெடிகளைச் சோதித்துப் பார்த்த ஓசையாம். அல்ஹம்துலில்லாஹ்! பெண்கள் உள்ளே சென்று விட்ட வேலையைத் தொடர்ந்தனர். காக்கா மட்டும் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், கடலில் காற்று மாறுவதற்கு முன்னால் அடையாளம் தெரியும். இங்கே அடையாளமே இல்லையே! நான் கடலில் இருக்கும்போது எனக்காக இவள் வானத்தைப் பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். இவள் தினமும் பார்க்கிறாள்." புதன்கிழமை வரை என்று வைத்திருந்த நிய்யத்தை அடுத்த ஞாயிறு வரை நீட்டித்தார். அந்த ஞாயிறும் மைத்துனருக்கு விடுமுறையல்லவா!

தாமதித்து வந்தவர்

பயணிகளின் தலைமகன் இப்னு பதூதாவை நீங்கள் அறிவீர்கள். அவர் இந்தத் தமிழ்க்கரைக்கு வந்ததும் ஒரு வகையில் உறவினர் வீட்டு வருகைதான். 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவருடைய மரக்கலம் கரைக்கு அருகே சிதைந்தது. முஸ்லிமல்லாத கரையோர மக்களே படகில் வந்து அவரைக் காத்தனர். அக்காலை மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை; இருவரும் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் புதல்வியரை மணந்தவர்கள். அந்த உறவுமுறையால் அவருக்கு வரவேற்பும் ஆதரவும் கிடைத்தன.

சகலையைக் கண்ட அவருக்குப் பெற்றோரைக் காணும் பேறு வாய்க்கவில்லை. 1325இல் இளைஞராகத் தான்ஜியரை விட்டுப் புறப்பட்டவர், 1348இல் டமாஸ்கஸ் வந்தபோதுதான், தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று கேள்வியுற்றார். 1349இல் தாயகம் திரும்பும் வழியில், தாயாரும் கொள்ளைநோயில் மறைந்த செய்தி எட்டியது. ஊர் சேர்ந்தவர் கண்டது அன்னையின் அடக்கத்தலத்தையே. உலகையே வலம் வந்த கால்கள், ஒரு வாசலை மட்டும் உரிய நேரத்தில் மிதிக்கவில்லை.

நம் காலத்திலும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவோர் உள்ளனர். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா ஆகிய கடற்படை அதிகாரிகள் இருவரும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் படகில் புறப்பட்டனர். நான்கே துறைமுகங்களில் தங்கி, 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29 அன்று திரும்பினர். எத்தனை தூரம் போனாலும் புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவதில்தான் அப்பயணம் நிறைவு பெறுகிறது.

நமக்கு உரியது

பயணம் என்பது துன்பத்தின் ஒரு பகுதி என்றும், சென்ற காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்புமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். உறவைப் பேணுபவர் யார் என்பதற்கும் அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள்: வந்தவர் வீட்டுக்குப் பதிலுக்குச் செல்பவர் அல்லர், துண்டித்தவரிடமும் தானே சென்று சேர்பவரே உண்மையில் உறவைப் பேணுபவர்.

வளைகுடாவிலும், சிங்கையிலும், மலேசியாவிலும் நம் வீட்டு ஆண்கள் ஓராண்டு, ஈராண்டு என்று கழிக்கிறார்கள். விடுமுறையில் வந்தால் வீடு கட்டும் வேலை, நிலப் பத்திரம், கடைத்தெரு என்றே நாள்கள் கரைந்துவிடுகின்றன. சிற்றூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கையின் வீட்டுக்கு ஒரு பகல் வருகையோடு சரி! கைப்பேசியில் முகம் தெரிகிறது, உண்மை. ஆனால் 'தொம்' என்ற ஓசை எழும்போது வாசலுக்கு ஓடிவரும் அந்த முகம் கைப்பேசியில் தெரியாது. அதைக் காண அங்கே தங்கியிருக்க வேண்டும்.

சகோதரர்களே! இருவருக்கும் ஓய்வு கிடைக்கும் நாளில் உறவைப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். அப்படியொரு நாள் வராமலே போகலாம். உங்களுக்குக் கிடைத்த நாளை அவர்களுடைய நாளாக்கிக் கொள்ளுங்கள். நான்கு நாள்கள் தங்க நிய்யத் வையுங்கள். உங்கள் வருகையைப் பரிசுப் பொருளால் அளக்கிறவர்கள் அல்லர் அவர்கள், ரக்அத்தை எண்ணுகிறவர்கள்!

எல்லாம் வல்ல அல்லாஹ், கடலில் உள்ளோரையும் கரையில் உள்ளோரையும், நெருப்போடு போராடி உண்ணும் ஏழைத் தொழிலாளர் அனைவரையும் அச்சத்திலிருந்து காத்து, உறவோடு ஒன்றுசேர்த்து வைப்பானாக! ஆமீன்.