கைந்நூல் இல்லாத கணினி

புதிதாய் வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவுவோர் பலர் முதலிற் காண்பது மௌனத்தையே. திரை ஒளிரும்; ஒலி எழாது. உறுப்பிற் பழுதில்லை, அவ்வுறுப்பை ஆளும் இயக்கி நிரல் இல்லை. உறுப்பைச் செய்தவர் அதன் இயல்பை எழுதி வெளியிட்டால் இயக்கியைப் பிறரும் ஆக்கலாம். வெளியிடாவிடின்?

2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் எம்1 சில்லுடைய மடிக்கணினிகளை வெளியிட்டது. பிற இயங்குதளங்களுக்கு வாயிலை அது அடைக்கவில்லை. ஆயினும் வன்பொருளுக்கு விளக்கநூல் எதுவும் தரவில்லை. அசாஹி லினக்ஸ் குழுவினர் (அசாஹி என்பது மக்கின்ரொஷ் அப்பிட்பழத்துக்கு யப்பானில் வழங்கும் பெயராம்) மெல்லியதொரு மென்பொருட் படையின்மேல் அப்பிளின் இயங்குதளத்தையே ஓடவிட்டு, அது எப்பதிவகத்தில் எதனை எழுதுகின்றது, எதனை வாசிக்கின்றது என்று கூர்ந்து நோக்கிக் குறித்துக்கொண்டனர். ஆசிரியரின்றி அந்நிய மொழியொன்றைக் கேட்டே கற்பதற்கு இஃது ஒப்பாகும்.

2022 மார்ச்சில் முதற் பரீட்சார்த்த வெளியீடு வந்தபோதும் ஒலிபெருக்கிகளை அவர்கள் ஊமையாகவே விட்டிருந்தனர். காரணம் அறியாமையன்று. அச்சிற்றுறுப்புகள் அளவுமீறிய ஓசையிற் சூடேறிக் கருகக்கூடியன. சுருளின் வெப்பத்தை இடையறாது கணித்து ஓசையைத் தணிக்கும் காவல் நிரல் ஒன்று வேண்டியிருந்தது. அதனை எழுதிச் சோதித்த பின்னரே, மாதிரி மாதிரியாக, ஒலியைத் திறந்துவிட்டனர். பிறர் பணங்கொடுத்து வாங்கிய பொருளின்பால் அவர்கள் காட்டிய இப்பொறுப்பு, எழுதிய நிரலினும் பெரிது எனலாம்.

2023இல் எம்3 சில்லு வந்தது. அதன் வரைவியற் பகுதி பெரிதும் மாறியிருந்தமையால், அங்கே வாசிப்பை மீளவும் தொடங்கவேண்டியதாயிற்று.