இருக்கம் தீவுக்கு நால்வர்

தீவு என்றதும் நம்மில் சிலருக்கு அந்தமான் நினைவுக்கு வரும், சிலருக்கு இலங்கை, பக்தியுள்ளவர்க்கு இராமேசுவரம். திருப்பதியிலிருந்து சனி, ஞாயிறு இரண்டே நாளில் போய்த் திரும்பக்கூடிய தீவு ஒன்று உண்டு என்பதும், அங்கே வாழும் மக்கள் தமிழ் பேசுவோர் என்பதும் நம் விடுதியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாள் இரவு உணவுக் கூடத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவர்தாம் தெரியும் என்றார். அவரும் தெலுங்கர், நெல்லூர்க்காரர்.

அவரையே தலைவராகக் கொண்டு, பொங்கல் கழிந்த இரண்டாம் வாரத்தில் நால்வர் புறப்பட்டோம். மற்ற மூவரில் ஒருவர் சித்தூர் நண்பர், இன்னொருவர் திருத்தணி நண்பர், மூன்றாமவன் நான். இந்தச் சித்தூரும் திருத்தணியும் ஓரிடத்தில் அமர்ந்தால் வழக்கு இல்லாமல் பொழுது போகாது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும் இரண்டும் சேர்ந்தே ஆந்திரத்துக்குப் போயின. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. சித்தூர் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கோட்டின் விளைவை எங்கள் சித்தூர் நண்பரிடம் காணலாம். அவர் வீட்டில் பேசுவது தமிழ்; பாட்டி கதை சொன்னது தமிழில்; கோபம் வந்தால் திட்டுவதும் தமிழ்தான். ஆனால் ஒரு தமிழ் எழுத்தைக் காட்டினால் விழிப்பார். பள்ளியில் படித்ததெல்லாம் தெலுங்கு. நெல்லூர் நண்பரோ இதற்கு நேர்மாறு. வீட்டில் ஒரு சொல் தமிழ் கிடையாது. திரைப்படச் சுவரொட்டிகளைப் படிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையால் என்னிடம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கற்றுக்கொண்டவர். ஆசைகளில் உயர்வு தாழ்வு ஏது?

பேருந்து காளத்தியையும் நாயுடுபேட்டையையும் கடந்து சூளூர்ப்பேட்டையை நோக்கி ஓடியது. வழியில் நேலப்பட்டில் இறங்கினோம். ஏரி நீரில் நின்றுகொண்டிருக்கும் செங்கடம்பு மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. அவ்வளவு பெரிய பறவை அவ்வளவு மெல்லிய கிளையில் எப்படி அமர்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை முழுவதும் நுழைத்து மீன் தின்கிறது. “நம் விடுதிச் சமையற்காரர் இதைப் பார்க்க வேண்டும்” என்றார் திருத்தணி நண்பர்.

மாலையில் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையில் சிறிது தொலைவு போனோம். பழவேற்காட்டு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை அது. இருபுறமும் நீர். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்பங்கழி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை அலகால் வடிகட்டி உண்ணும் பறவை அது. உண்ணும் உணவிலுள்ள நிறமியே அதன் சிறகுக்குச் செந்நிறம் தருகிறது. கதிரவன் சாயும் நேரத்தில் அவை ஒருசேர எழுந்தபோது, ஓயாமல் பேசும் எங்கள் சித்தூர் நண்பரும் வாயடைத்து நின்றார். இரவு செங்காளம்மன் கோயிலைத் தரிசித்தோம். இக்கோயிலின் கதவை இரவிலும் சாத்துவதில்லை என்பர். ஏவுகலம் விண்ணில் செல்லுமுன் விஞ்ஞானிகள் வந்து வணங்கும் கோயிலும் இதுதான்.

ஞாயிறு காலை தடாவுக்கு அருகிலுள்ள பீமுலவாரிபாளையம் படகுத்துறையை அடைந்தோம். படகில் எங்களுடன் அரிசி மூட்டைகளும், இரண்டு ஆடுகளும், ஓர் எரிவாயு உருளையும், கைக்குழந்தையோடு ஒரு தாயும் இருந்தனர். தீவுக்குப் போகும் எதுவும் இப்படித்தான் போக வேண்டும். எங்களுக்கு அது உல்லாசப் பயணம். அந்தத் தாயோ குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறாள். “ராத்திரியிலே காய்ச்சல் வந்தா என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டேன். “விடியட்டும்னு உட்கார்ந்திருப்போம்” என்றாள், வெகு இயல்பாக.

பொறி வைத்த படகுதான். ஆயினும் நீர் ஆழமற்ற இடங்களில் படகோட்டி பொறியை நிறுத்திவிட்டுக் கழியால் ஊன்றித் தள்ளினார். கழி பாதிகூட நனையவில்லை. ஏரியின் பல இடங்களில் ஆள் இறங்கி நடந்தே போகலாம். கோடையில் வடபகுதியில் நீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்குமாம். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வராது. கடல்நீர் வராவிட்டால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரா. முகத்துவாரம் எங்கோ தெற்கே தமிழ்நாட்டில். அதை நம்பிப் பிழைப்பவர்களில் ஒரு பகுதியினர் இங்கே ஆந்திரத்தில். ஓரிடத்தில் பெண்கள் சிலர் இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தனர். வலையும் இல்லை, படகும் இல்லை. கையும் பொறுமையும்தான் முதல்.

இருக்கம் தீவில் கால் வைத்ததும் காதில் விழுந்தது தமிழ். நம் வடார்க்காட்டுத் தமிழும் சென்னைத் தமிழும் கலந்தாற்போன்ற ஒரு பேச்சு; ஊடே தெலுங்குச் சொற்கள் கூச்சமின்றி வந்து போகின்றன. பனையும் தென்னையும் சூழ்ந்த தெருக்கள். வெயிலில் உலரும் கருவாடு. திண்ணையில் வலை செப்பனிடும் முதியவர்கள். சூளூர்ப்பேட்டைப் பகுதியோடு இத்தீவும் நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. ஆகவே நம் பல்கலைக்கழகமும் இத்தீவும் இன்று ஒரே மாவட்டம். அதைச் சொன்னபோது வலை செப்பனிட்ட பெரியவர், “அப்படியா? ரொம்ப சந்தோசம். ஏழுமலையான் கிட்டே வந்துட்டாரு” என்று சிரித்தார்.

ஒரு வீட்டுத் திண்ணையில் மோர் கொடுத்த மூதாட்டி ஒருவர், சித்தூர் நண்பரின் பேச்சைக் கேட்டு, “நம்ம பக்கத்துப் புள்ளை போல” என்று மகிழ்ந்து உள்ளே போனார். ஒரு திருமண அழைப்பிதழோடு வந்தார். பழவேற்காட்டில் அவருடைய தங்கை பேத்திக்குக் கல்யாணம். பேரன் கரையில் விடுதியில் தங்கித் தெலுங்குப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்கு இந்த எழுத்து வராது. படிக்கத் தெரிந்த அண்டை வீட்டார் விடியலிலேயே சந்தைக்குப் போய்விட்டனர்.

“கண்ணு, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. என் வீட்டுக்காரர் பேரு போட்டிருக்காங்களான்னு பாரு. அவரு போய் மூணு வருசம் ஆவுது. போடலேன்னா நான் போறதா இல்லே.”

சித்தூர் நண்பர் அழைப்பிதழைக் கையில் வாங்கினார். முகம் சிவந்தது. “ஆயா, எனக்குப் பேசத்தான் தெரியும்” என்று மெல்லச் சொன்னார். அதன் பிறகு அவர் செய்ததுதான் எங்களை வியக்க வைத்தது. என்னிடமோ திருத்தணி நண்பரிடமோ கொடுக்காமல், நெல்லூர் நண்பரிடம் நீட்டினார். நான் எட்டி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. மாணவர் தேர்வு எழுதும்போது ஆசிரியர் குறுக்கிடலாமா?

நெல்லூர் நண்பர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். ‘நிகழும் மங்களகரமான’ என்பதைக் கடக்கவே ஒரு குவளை மோர் தீர்ந்தது. மாசி மாதம் என்றார், நாளைச் சொன்னார், முகூர்த்த நேரத்தைச் சொன்னார். மூதாட்டி விரலில் எண்ணிக்கொண்டார். உறவினர் பெயர்ப் பட்டியலுக்கு வந்தபோது திண்ணையில் இருந்த யாரும் அசையவில்லை. ஏழாவது பெயரில் நண்பரின் விரல் நின்றது. பெயருக்கு முன்னே இருந்த ‘அமரர்’ என்னும் சொல் அவருக்குப் புதிது. அதை இரண்டு முறை கூட்டிப் படித்துவிட்டு, பெயரைப் படித்தார்.

“இன்னொரு தடவை சொல்லு சாமி” என்றார் மூதாட்டி. அவர் மீண்டும் படித்தார். தெலுங்கு ஒலி கலந்த அந்தப் பெயரைக் கேட்டு மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களுக்கு நண்டுக் குழம்போடு சோறு கிடைத்தது. அதைப் பற்றி விரித்து எழுதினால் விடுதியில் உணவருந்தும் அன்பர்களுக்குத் துன்பம் உண்டாகும்.

பிற்பகலில் தீவின் கீழ்க்கரைக்கு நடந்தோம். நீருக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா பச்சைக் கோடாகத் தெரிந்தது. ஏனாதி மக்கள் வாழ்ந்த காடு அது. ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்கு விறகு அனுப்பிய இடம். அங்கிருந்து 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ஏவுகலம் பறந்தது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டது. அன்று தீவே கரையில் கூடி நின்று பார்த்ததாகச் சிறுவன் ஒருவன் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். நிலவுக்குப் போக வழி தெரிந்த கரைக்கு எதிரே, காய்ச்சல் கண்ட குழந்தை விடியலுக்குக் காத்திருக்கிறதே என்று திருத்தணி நண்பர் சொன்னார். யாரும் மறுமொழி சொல்லவில்லை.

திரும்பும் படகில் சித்தூர் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நெல்லூர் நண்பரைப் பார்த்து, “உனக்கு எத்தனை நாளாயிற்று, எழுத்துப் பழக?” என்று கேட்டார்.

“இரண்டு மாதம். ‘ழ’ மட்டும் இன்னும் வரவில்லை.”

“‘ழ’ எனக்கு வரும்” என்றார் சித்தூர் நண்பர். “மற்றதை நீ சொல்லிக்கொடு.”

நான் அருகிலேயே இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது ஆறாம் எண் அறையில் இரவு எட்டு மணிக்குத் தெலுங்கர் ஒருவர் தமிழர் ஒருவருக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார். மாசியில் பழவேற்காட்டுக் கல்யாணத்துக்கு நால்வரும் வருவதாக மூதாட்டியிடம் சொல்லி வந்திருக்கிறோம். மொய் எழுதும் பொறுப்பு சித்தூர் நண்பருடையது. தமிழில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.