மொட்டை மாடியில் ஓர் ஒத்திகை

சிறுமலையில் உறவினர் தோட்டத்தில் கூடாரம் அமைத்து இரண்டு இரவுகள் தங்குவதென்று என் கணவர் அறிவித்ததும் வீடு இரண்டு கட்சியாயிற்று. பிள்ளைகள் மூவரும் அத்தாவின் பக்கம்; நானும் மாமியும் எதிர்ப்பக்கம். காரணம், இளையவள். எட்டு வயதான அவளுக்குக் குளிர்காற்று பட்டால் இளைப்பு வரும்.

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர்தான். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வாழையும் காப்பியும் மிளகும் விளையும் பூமி. ஆயினும், 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொது விதி. ஊரில் மின்விசிறிக்கு அடியில் உறங்கும் பிள்ளைக்கு அது பெரிய மாற்றமல்லவா?

மருத்துவர் தடை சொல்லவில்லை. “இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்” என்றார். இருப்பினும் என் மனம் ஒப்பவில்லை. “முதலில் நம் மொட்டை மாடியில் ஓர் இரவு தங்கிப் பார்ப்போம்” என்றேன்.

அந்த ஒத்திகைதான் எங்களுக்கு ஆசானாக அமைந்தது. நள்ளிரவில் இளையவள் இருமி எழுந்தாள். இன்ஹேலரோ பெரிய பையின் அடியில், துண்டுகளுக்குள் சுருண்டு கிடந்தது. அதைத் தேட டார்ச் வேண்டும். டார்ச் மற்றொரு பையில். இரண்டு மூன்று நிமிடங்கள்தாம் சென்றிருக்கும். எனக்கோ அது ஒரு யுகம். மருந்து கிடைத்து அவள் மூச்சு சீரானபின், படியிறங்கினால் வீடு என்ற நிலையிலேயே இப்படியென்றால் மலையில் எப்படி என்று எண்ணி நடுங்கினேன்.

மறுநாள் எல்லாப் பைகளையும் கூடத்தில் கொட்டினோம். இரவில் வேண்டியவை, மழை வந்தால் வேண்டியவை, வேண்டாதவை என மூன்று குவியல்கள். மூன்றாவதே பெரிதாயிற்று, அதில் பாதி நான் எடுத்து வைத்த பாத்திரங்கள்!

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பை கொடுத்தோம். இரண்டு மாற்றுடை, கம்பளிச் சட்டை, காலுறை, தட்டு, தம்ளர், டார்ச், ஊதல். வழி தவறினால் ஓடாமல், நின்ற இடத்திலேயே மும்முறை ஊதவேண்டும் என்று பழக்கினோம். இளையவளின் இன்ஹேலரைத் துணிப்பையிலிட்டு அவள் கழுத்திலேயே மாட்டினேன். மாற்று ஒன்று என்னிடம். “பச்சைப் பிள்ளை, தொலைச்சிடுவாளேம்மா” என்றார் மாமி.

போர்வையைப் போலவே விரிப்பும் முக்கியம். ஈரத் தரை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். எனவே தார்ப்பாய், கோரைப்பாய், ஜமுக்காளம் என்று அடுக்கினோம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் உப்புக்கண்ட வறுவலும். பிறகு கஞ்சிக்கு அரிசியும் பயறும். தொழுகை விரிப்புகளும், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கும் சேர்ந்தன.

இரண்டு கட்டுப்பாடுகளை எழுதி வைத்தோம். கூடாரத்துக்குள் அடுப்போ கரிச்சட்டியோ கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை எழவிடாமலே கொன்றுவிடும். மாலை மயங்கியபின் யாரும் தனியே நடமாடக் கூடாது. அது காட்டுமாடுகள் உலவும் மலை. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்குவது குற்றம் என்பதால்தான் உறவினர் தோட்டத்தைத் தேர்ந்தோம்.

சிறுமலையில் இரண்டாம் இரவு கடுங்குளிர். இருமல் கேட்டு நான் பதறி எழுமுன், இருளிலேயே கழுத்துப் பையைத் தடவி மருந்தை எடுத்துக்கொண்டாள் இளையவள். “சரியாயிடுச்சும்மா, நீங்க தூங்குங்க” என்றாள். அவள் மூச்சு சீராகும்வரை விழித்திருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், விடியும்வரை அவள் மீண்டும் இருமவில்லை.

பிள்ளைகளுடன் முதன்முறை கூடாரப் பயணம் புறப்படும் சகோதரிகளே! பையைக் கட்டியபின் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். கைக்கு அகப்படாத பொருள் பையில் இருந்தும் இல்லாததே.