வாகைக்குளத்து நிறைகோல்

பெரும் பட்டினத்து விமான நிலையங்களில் வழியனுப்ப வந்தோர் வாயிலிலேயே மறைந்துபோவர். பயணியும் நீண்ட கூடங்களுள் மறைந்துபோவான். சிறிய நிலையத்தின் இயல்பு வேறு. அங்கே எதுவும் மறைவதில்லை. இதனை யாம் அறிந்த வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே, வாகைக்குளத்தில், 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அந்நிலையம். யாம் பயணம் செய்த 2019ஆம் ஆண்டில் அதன் ஓடுபாதை ஏறத்தாழ 1350 மீட்டர் நீளமே உடையது. ஆதலின் பெரிய ஜெட் விமானங்கள் ஆங்கு இறங்குதல் இயலாது. விசிறி பூண்ட சிறு விமானங்களே சென்னைக்குப் பறந்தன. யாம் ஏறியது ஏடிஆர் வகையைச் சார்ந்தது. அதன் முற்பகுதி மூட்டைகளுக்கு உரியது. மனிதர் ஏறும் வாயிலோ வாற்பக்கம். முன் வரிசைக்கு முந்தியவன் இறங்குகையில் கடைசியில் நிற்பான். பின் வரிசை கிடைத்ததே என்று வருந்தியவன் முதலில் வெளியேறுவான்.

விமானம் ஏறுமுன் நிறைகோலைக் கடத்தல் வேண்டும். ஒருவர்க்கு 15 கிலோவே அளவு. எமது பெட்டி 19 காட்டிற்று. அதனுள் புத்தகங்களும், எம் அன்னையார் ஓலைக் கொட்டானில் இட்டுத் தந்த உடன்குடிக் கருப்பட்டியும் இருந்தன. “கூடுதல் நிறைக்குப் பணம் செலுத்துங்கள், அன்றேல் வெளியில் நிற்பவரிடம் கொடுத்து வாருங்கள்,” என்றார் அலுவலர். பத்தடி தொலைவில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அன்னையார் அனைத்தையும் நோக்கி நின்றார். யாம் மனத்துள் கணக்கிட்டோம். கட்டணம் கருப்பட்டியின் விலையினும் மிகுதி. கொட்டானை எடுத்துச்சென்று அவர் கையிற் கொடுத்தோம்.

“அதனாலென்ன ராசா, படிக்கிற புத்தகந்தான் முக்கியம். நீ நல்லபடியாப் போய்வா,” என்றார். அப்புத்தகங்களுள் இரண்டை யாம் இன்றளவும் திறந்திலோம்.

திறந்த வெளியில் நடந்தே விமானத்தை அடைந்தோம். அவ்வகை விமானத்தில் இறக்கை மேலே அமைந்திருத்தலின் பலகணிக் காட்சிக்குத் தடையில்லை. வேலிக்கப்பால் அன்னையார் நின்றது நன்கு தெரிந்தது. மற்றையோர் கையசைத்தனர், அவர் அசைத்திலர். இரு கைகளிலும் கொட்டான் இருந்தது.

பத்து நாட்களில் அக்கொட்டானே பார்சலில் எம்மை வந்தடைந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் அனுப்புகூலி குறித்திருந்தது; யாம் மிச்சம் பிடித்த தொகைக்கு அது சிறிதே குறைவு. எமது சிக்கனத்தின் செலவை எம் அன்னையார் ஏற்றிருந்தார். அன்றிரவு கருப்பட்டிக் காப்பி எமக்கு எளிதில் தொண்டையில் இறங்கவில்லை.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் வாகைக்குளத்திற் புதிய பெருங்கட்டடம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டப்பட்டது. அது நம் நாட்டுக்கு வேண்டிய வளர்ச்சியே, மகிழ்கின்றோம். ஆயினும் ஆண்டு நிறைகோல் முன் நிற்கும் மாணவ நண்பர்கள், கட்டணத்தைக் கணக்கிடுமுன், கண்ணாடிக்கு அப்பால் நிற்போரை ஒருமுறை திரும்பி நோக்குவார்களாக.