ஏடன் நகரத்துச் செடி

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்திற்குப் பெயர் தந்தது ஏடன் நகரம் என்பார்கள். தண்டிலே நீர் சேமித்து வறட்சியைத் தாங்கும் அதன் கலப்பின வகையொன்றை, என் துணைவி சிதம்பரம் வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்த்து வந்தார். விதையில் தாயின் நிறம் அப்படியே வாராது. ஆகவே அது ஒட்டுச்செடி. அவர் மௌத்தானபின், அன்பென்று எண்ணி நாள்தோறும் நீர் வார்த்தேன். தொட்டியிலோ எங்களூர்க் களிமண். ஐப்பசி அடைமழையும் சேர, அடித்தண்டு அழுகிக் குழைந்தது.

கடலூரிலிருந்து வந்த மைத்துனர் அழுகலைச் செதுக்கி எறிந்தார்; காயம் உலர 7 நாள் நிழலில் கிடத்தி, ஆற்றுமணலும் செங்கல் துண்டுகளும் கலந்து நட்டார். தம் தோட்டத்து மணற்பாங்கில் மேடு கட்டி அவர் தரையிலேயே வளர்க்கிறார். இங்கே அது நடவாது.

“மழை ஓயும்வரை தாழ்வாரத்திலேயே இருக்கட்டும், மச்சான். பாலில் நஞ்சுண்டு, பிள்ளைகள் தொட்டுவிடப் போகிறார்கள்” என்றார்.

தை மாதம் ஒட்டுக்கு மேலே இரு தளிர்கள் கண்டேன், அல்ஹம்துலில்லாஹ்! பூ இன்னும் வரவில்லை.